நானூறு பேரும் பதினொரு பேரும்

மயிலாப்பூர்
ஜூன் 24

அன்பு ரூபீனாவுக்கு மாமா இனாயத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமி ஜமீலுன்னிசாவும் நலம். டெல்லி வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் பேச்சியம்மாளுக்கு மாற்றல் வரும் என்று பிப்ரவரியிலேயே சொன்னேன். அவர் போனால் வேறு ஆள் வராது என்றேன், பிசியோதெரபி அறைக்குப் பூட்டு விழும் என்றேன். பித்தளைப் பூட்டு என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். ஜூன் பத்தாம் தேதி எல்லாம் அப்படியே நடந்தது. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கென்று நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற டிஸ்பென்சரியில் இன்று மாத்திரை தருகிறார்கள், இருமல் மருந்து தருகிறார்கள், நடக்கச் சொல்லித்தர ஆள் இல்லை.

நீ பயப்படாதே. உன் மாமிக்கு அந்த அறை இனித் தேவையே இல்லை. போன டிசம்பரில் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தது உண்மைதான். இப்போது நடக்கிறாள். நேற்று லஸ் முனை வரை போய், முழம் குறைகிறது என்று பூக்காரியிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மற்ற நோயாளிகளுக்காகத்தான் நான் இறங்கியிருக்கிறேன். தி.நகரில் மாநிலங்களவை உறுப்பினர் வேதாந்தம் சாரின் அலுவலகம் இருக்கிறதல்லவா, அங்கே போனேன். என்னைக் கண்டதும் சார் எழுந்து நின்றுவிட்டார். நாடாளுமன்றத்தில் கேள்வி போடப்போகிறோம். உன் சுகாதார அமைச்சகமே நடுங்கும், ஜாக்கிரதை!

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். முப்பத்தாறு வருடம் தபால் கொடுத்தவன் நான். போன் காஸ் புக் பண்ணுவதற்கு.

துஆவுடன்,
இனாயத் மாமா

புது டெல்லி
ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு, அலைக்கும் சலாம். நான் நலம். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. மாமியின் ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் போகிறதா?

மாமி லஸ் முனை வரை நடந்தார் என்று படித்ததும் ஆபீஸ் என்பதையும் மறந்து அழுதுவிட்டேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். சம்பளமில்லா விடுப்பில் ஆறு மாதம் அங்கே வந்து மாமியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். உம்மா போனபிறகு என்னை வளர்த்தவர்கள் நீங்கள் இருவரும். இனி வேண்டாம் என்று நேற்று அதைக் கிழித்துப் போட்டேன்.

நான் அமைச்சகத்தில் நாடாளுமன்றப் பிரிவில் இருப்பதால் கேள்வி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி போடாத கேள்விக்கு எழுத்தில் பதில் தந்து அவையின் மேசைமேல் வைப்பார்கள். எழுத்து தானே என்று நினைக்காதீர்கள். வாயால் சொன்னதைச் சமாளிக்கலாம், எழுதி வைத்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம். பதினைந்து நாள் முன்னால் கேள்வியைக் கொடுக்க வேண்டும். அப்புறம் குலுக்கல். எது வருகிறதோ அது வரும்.

மாமிக்கு என் முத்தம்.
ரூபீனா

மயிலாப்பூர்
ஜூலை 11

அன்பு ரூபீனா, சலாம். நலம், நலமறிய ஆவல். நீ கிழித்தது நல்ல காரியம். அரசாங்க வேலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கக் கூடாது.

கேள்வி போய்விட்டது! சாரின் அலுவலகத்தில் கேள்வியெல்லாம் டைப் செய்கிறவன் கிரீஷ் என்று ஒருவன். கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"இன்னா பாய், மறுபடியும் மனுவா?" என்றான்.

"மனு இல்ல நைனா, கேள்வி."

"டெய்லி எத்தினி பேரு வந்துக்கினு இருந்தாங்க?"

"நானூறு."

"நானூறு பேரு நின்னா கியூ மந்தைவெளி தாண்டிப் போவுமே பாய்!"

"போவுதே! நான்தானே நின்னு ஒழுங்கு பண்ணேன்."

"எண்ணினியா? சாரு பேர்ல போற கேள்வி. தப்பா இருந்தா அவரு தலையில விடியும்."

"முப்பத்தாறு வருசம் தபால் எண்ணின கை இது நைனா" என்றேன். அவன் டைப் செய்தான். நான் பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். ஒரே தடவை படித்தவனைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியாதா?

கேள்வி இதுதான்: (அ) மயிலாப்பூர் டிஸ்பென்சரியின் பிசியோதெரபி அறைக்குத் தினமும் வரும் நானூறு நோயாளிகள் திருப்பி அனுப்பப்படுவது உண்மையா, (ஆ) ஆம் எனில், அதற்குக் காரணம் என்ன, (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

சட்டியில் மீன் குதிக்கிற மாதிரி குதிக்கப் போகிறார்கள், பார்.

இனாயத் மாமா

புது டெல்லி
ஜூலை 26

அன்புள்ள மாமாவுக்கு, சலாம். நலம்.

இது சின்னக் கடிதம். ஏன் கேட்கிறேன் என்று கேட்காதீர்கள், என்னால் சொல்ல முடியாது. அந்த அறைக்குத் தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்து, உங்களுக்குத் தெரிந்த சரியான எண்ணை எனக்கு எழுதுங்கள். முடிந்தால் கிரீஷிடமும் சொல்லுங்கள். நேரம் இருக்கிறது, ஆனால் அதிகமில்லை.

மாமி எப்படி நடக்கிறார்? கைத்தடியோடா, தடியில்லாமலா? நேற்று போனில் கேட்டேன். "நல்லா கீறேன்மா" என்று சொல்லிவிட்டு உங்களிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டன் போனை மாற்றினால் முகத்தையாவது பார்ப்பேன்.

ரூபீனா

மயிலாப்பூர்
ஆகஸ்ட் 1

அன்பு ரூபீனா, சலாம். இங்கே நலம். உன் கடிதம் கண்டு சிரித்தேன். டெல்லியில் உன் சிநேகிதிகளிடம் மாமா பெருமை பேசத்தானே எண்ணைக் கேட்கிறாய்? அப்படியானால் எழுதிக்கொள்: நானூறு என்பது நான் அடக்கமாகச் சொன்னது. திங்கட்கிழமைகளில் நானூற்று இருபது. பேச்சியம்மாள் பாவம், சாப்பிடக்கூட உட்கார்ந்ததில்லை.

மாமி தடியைத் தூக்கி எறிந்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை பட்டினப்பாக்கம் வரை நடந்து போய் சங்கரா மீன் வாங்கி வந்தாள். "அம்மா, ஓட்டப் பந்தயத்துக்குப் போறியா?" என்று மீன்காரம்மா கேட்டாளாம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இனாயத் மாமா

புது டெல்லி
ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமாவுக்கு, சலாம். நீங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று உங்கள் கேள்விக்குப் பதில் மேசையில் வைக்கப்பட்டது. இனி அது ஊருக்கெல்லாம் பொது என்பதால் நான் வாய் திறக்கலாம். அச்சுப் பிரதியை இணைத்திருக்கிறேன். தமிழில் சொன்னால் இரண்டே வரி:

(அ) இல்லை. (ஆ), (இ) கேள்வி எழவில்லை.

அவ்வளவுதான் மாமா.

அந்தக் கேள்வி முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. டிஸ்பென்சரி பதிவேட்டின் நகல் கூடவே வந்தது. பூட்டு விழுந்த மாதத்தில் அந்த அறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். மேலதிகாரியிடம் போய், இதை எழுதவைத்தது என் மாமா, நான் தொடக்கூடாது என்று சொன்னேன். "நல்லது" என்று கோப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். அதனால்தான் அன்று உங்களிடம் காரணம் சொல்ல முடியவில்லை.

பதில் எழுதியவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நானூறு பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்களா என்று கேட்டால் இல்லை என்பதுதானே உண்மை? அது இல்லையென்றால் காரணம் கேட்ட இடமும் நடவடிக்கை கேட்ட இடமும் தாமாகவே விழுந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டிருந்தால் அவர்களுக்கு ஒளிய இடமிருந்திருக்காது. கேள்வியில் உள்ள விவரத்துக்கு உறுப்பினர்தான் பொறுப்பு. வேதாந்தம் சாருக்கு இது தலைகுனிவு.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதினொரு பேர் யார் என்று நினைத்தபடியே இருக்கிறேன்.

ரூபீனா

புது டெல்லி
செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு, சலாம்.

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் "எல்லாம் சுகம், லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு அட்டையை மறைத்தேன் அல்லவா? நீங்கள் திட்டவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "மார்க்கு எவ்ளோ? நெசத்த சொல்லு" என்றீர்கள். இங்கிருந்து ஐஸ்கிரீம் அனுப்ப முடியாது மாமா.

மாமி நிஜமாகவே நடக்கிறாரா?

ரூபீனா

மயிலாப்பூர்
அக்டோபர் 3

அன்பு மகள் ரூபீனாவுக்கு,

மாமி எழுதுவது. இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நான் நடக்கவில்லை. பேச்சியம்மாள் இருந்தவரை கட்டிலிலிருந்து வாசல் வரை வந்தேன். அவர் போனபிறகு கால் மறுபடியும் மரத்துவிட்டது. லஸ் முனைக்குப் போகவில்லை. மீன் வாங்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறேன்.

உன் மாமாதான் என்னைக் குளியலறைக்குத் தூக்கிப் போகிறார். பூவைத் தூக்குவதுபோல் தூக்குகிறார். இந்த வயதில் இப்படித் தூக்க மயிலாப்பூரிலேயே ஆள் கிடையாது.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்றுதான் பொய் எழுதினார். ஓடிவராதே. அந்தப் பதினொரு பேரில் நான் ஒருத்தி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரைத் திட்டாதே.

மாமி

புது டெல்லி
அக்டோபர் 11

என் அருமை மாமிக்கு, சலாம்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் விழுந்து எழுந்து நடந்து வந்திருக்கிறது. வலக்கையால் நீங்கள் எனக்கு எழுதியதே இல்லையே மாமி, எல்லாவற்றையும் மாமாதானே எழுதுவார்.

அன்றே கிளம்பத்தான் நினைத்தேன். குளிர்காலக் கூட்டத்தொடர் முடியும்வரை எங்கள் பிரிவில் யாருக்கும் விடுப்பில்லை. ஜனவரி 18-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஒரு மாதம் இருப்பேன்.

மாமாவிடம் சொல்லுங்கள்: நான் திட்டமாட்டேன். ஆனால் அவர் மறுபடியும் கிரீஷிடம் போக வேண்டும். தன் கண்ணால் பார்த்ததை, தன் விரலால் எண்ணியதை மட்டும் சொல்ல வேண்டும். பதினொன்று சின்ன எண் என்று அவர் வெட்கப்பட வேண்டாம். அரசாங்கம் மறுக்க முடியாத எண் அது.

இடக்கைக்கு ஒரு முத்தம்.
ரூபீனா

மயிலாப்பூர்
நவம்பர் 6

அன்பு ரூபீனா, மாமா எழுதுவது. சலாம். மழை வெளுத்து வாங்குகிறது. மாமிக்கு இருமல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எண்ணிவிட்டேன். டிஸ்பென்சரி அம்மா முகவரி தரமாட்டேன் என்றார். தராவிட்டால் என்ன, இந்தப் பக்கத்தில் எந்தக் கதவை எந்த நேரத்தில் தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பழைய தபால் பீட்டில் போகிறமாதிரி பையை மாட்டிக்கொண்டு போனேன். பட்டினப்பாக்கத்தில் மூன்று பேர், சாந்தோமில் இரண்டு, மந்தைவெளியில் நான்கு. கோட்டூர்புரத்தில் சுப்புலக்ஷ்மி டீச்சர். பேச்சியம்மாள் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொடுத்த ரப்பர் பட்டையை இன்னும் தினமும் இழுக்கிறார். அது அறுந்து, முடிச்சுப் போட்டு, மறுபடியும் அறுந்து, இப்போது ஒரு சாண்தான் இருக்கிறது.

பதினொன்றாவது ஆள் நம் வீட்டில்.

கிரீஷிடம் பட்டியலைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இன்னா பாய், பாக்கி முந்நூத்தி எம்பத்தொம்போது பேரும் குணமாயிட்டாங்களா?" என்றான்.

"நைனா, குத்திக்காட்டாத. டைப் பண்ணு."

"இந்த தபா எண்ணினியா?"

"வூடு வூடா."

அப்போதுதான் வேதாந்தம் சார் உள்ளேயிருந்து வந்தார். அவர் என்னைக் கண்டு எழுந்து நின்றார் என்று முன்பு எழுதினேன். நான் அவரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பாய், என் பேர்ல போற கேள்வி, நான்தான் சரிபார்த்திருக்கணும்" என்று சொல்லி, பட்டியலை நின்றுகொண்டே படித்தார். "ஜமீலுன்னிசா யாரு?" என்றார். "என் வீட்டுக்காரம்மா சார்" என்றேன். முதல் தடவையே அதைச் சொல்லாமல் ஏன் நானூறு சொன்னாய் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கேள்வியில் "கண்ணீர் வடிக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். "கண்ணீர எப்படி பாய் சரிபார்ப்பாங்க?" என்று கிரீஷ் அடித்துவிட்டான். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: பணியிடம் காலியா, எந்தத் தேதியிலிருந்து, அன்று சிகிச்சையில் இருந்தவர் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே சிகிச்சை பெறுகிறார்கள், எப்போது ஆள் வரும்?

மொட்டையாக இருக்கிறது. தபால்கார்டு மாதிரி.

இனாயத் மாமா

புது டெல்லி
டிசம்பர் 12

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும், சலாம். குளிரில் விரல் மடங்கவில்லை, ஆனால் இதை உடனே எழுதியாக வேண்டும்.

கேள்வி குலுக்கலில் வந்தது. இந்த முறை கோப்பு என் பக்கமே வரவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று வைக்கப்பட்ட பதில்:

ஆம். ஜூன் 10 முதல். பதினொருவர். அவர்கள் வேறெங்கும் சிகிச்சை பெறுவதாகத் தகவல் இல்லை. ஒரு மாதத்துக்குள் தற்காலிக ஏற்பாடு செய்யப்படும்.

"தகவல் இல்லை" என்று ஓர் அரசாங்கம் அச்சில் ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிதான் பெரிது. "செய்யப்படும்" என்று அவையில் எழுதிக் கொடுத்தால் அது உறுதிமொழி. அதற்கென்று உறுப்பினர்களின் குழு ஒன்று இருக்கிறது. செய்தீர்களா, செய்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். செய்து முடித்தோம் என்று காட்டும்வரை அமைச்சகம் அதிலிருந்து தப்பிக்க முடியாது.

ஆள் வந்ததும் எழுதுங்கள். வந்த தேதியை மட்டும் எழுதினாலும் போதும்.

ரூபீனா

மயிலாப்பூர்
ஜனவரி 9

அன்பு ரூபீனா, சலாம். நலம். இந்த "நலம்" சரிபார்த்து எழுதியது.

ஜனவரி 3, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு ஆள் வந்தார். பெயர் அச்யுத். வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். பூட்டுச் சாவி கிடைக்காமல் அரை மணி நேரம் தேடினார்கள். பூட்டு பித்தளை இல்லை, சாதாரண இரும்பு.

பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். சாந்தோம் பெரியவர் ஒருவர் நவம்பர் கடைசியில் இறந்துவிட்டார். நான் கதவைத் தட்டியபோது எனக்குத் தேநீர் கொடுத்தவர். இன்னொருவரை மகன் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார். கிரீஷிடம் போய் அதையும் சொன்னேன். அவன் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

நேற்று உன் மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தாள். ஐந்தாவதற்குக் காலைத் தூக்கினாள், வைக்கவில்லை. அச்யுத் "போதும்மா" என்றார். "இன்னா போதும்? எம்மாம் தூரம் லஸ்ஸு!" என்றாள் உன் மாமி. நான் லஸ் முனை பற்றி உனக்கு எழுதியதெல்லாம் அவளுக்குத் தெரியும். அப்போதே படித்துக் காட்டினேன். "இருக்கட்டும், புள்ள நிம்மதியா வேல பாக்கட்டும்" என்று அவளும் கூட இருந்தாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இன்னும் ஒன்பது நாளில் நீ வந்து அவள் இடக்கையைப் பிடித்து, கடிதத்தைப் பற்றிப் பேசுவாய். உன் பதிலை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, அவள் ஒன்றும் புரியாமல் விழிப்பாள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்துக்கு என் பெயரில் மூன்று தடவை பதில் எழுதினேன். மூன்றிலும் அவள் நடந்துவிட்டாள். பேனா அந்தப் பக்கமே போகிறது, என்ன செய்வேன்? "நீயாவது உண்மையைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்று அவளிடம் கேட்டேன். "ஒங்கள நான் காட்டிக் குடுக்க மாட்டேன், போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதனால் பேனாவை இடக்கைக்கு மாற்றி, அவள் பெயரில் நானே என்னைக் காட்டிக் கொடுத்தேன். உன் தலையணைக்கு அடியில் இருப்பது என் எழுத்து. அதில் நான் சேர்த்த பொய் அந்தக் கையெழுத்து ஒன்றுதான். மற்ற ஒவ்வொரு வரியும் நிஜம்.

இனாயத் மாமா